மேகத்தின் ஓரம் எல்லை அல்ல: புதிய விமானிகளுக்கு இடிமழை வழிகாட்டி

"இடிமேகத்துக்குள் போகக் கூடாது, அவ்வளவுதானே?" புதிதாக விமானி உரிமம் வாங்கியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். அவ்வளவோடு முடிந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியதில்லை. ஆலங்கட்டி மேகத்துக்கு வெளியே தெளிந்த வானத்திலும் விழும். தரையோடு ஒட்டி ஓடிவரும் சூறைக்காற்று மழைக்குப் பல மைல் முன்னால் வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை ஓரம் ஒன்று, ஆபத்து தொடங்குகிற இடம் வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான்கு இருக்கை, ஒற்றை இன்ஜின், வானிலை ரேடார் கிடையாது: அப்படிப்பட்ட விமானத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பெரிய ஜெட் ஓட்டுபவர்களுக்கு வேறு கருவிகள் இருக்கின்றன. அவர்களும் இடிமேகத்தைச் சுற்றித்தான் போகிறார்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

அப்படிப்பட்ட விமானமான செஸ்னா 172எஸ் முழு எடையில், கடல் மட்டத்தில், நிமிடத்துக்குச் சுமார் 730 அடி ஏறும். முதிர்ந்த இடிமேகத்தில் மேலே எழும் காற்றும் கீழே இறங்கும் காற்றும் நிமிடத்துக்குப் பல ஆயிரம் அடி வேகத்தில் ஓடுகின்றன. 6,000 அடியைத் தாண்டுவதும் உண்டு. சற்று மிதமாகவே, 3,000 அடி வேகத்தில் இறங்கும் காற்றில் சிக்கியதாக வைத்துக்கொள்வோம். த்ராட்டிலை முழுதும் தள்ளி, மூக்கைச் சரியான கோணத்தில் பிடித்திருந்தாலும் நிமிடத்துக்கு 2,270 அடி கீழே போய்க்கொண்டிருப்பீர்கள். தரையிலிருந்து 1,000 அடியில் இருந்தால் கையில் இருப்பது 26 விநாடி. தரையை நெருங்க நெருங்க அந்தக் காற்று பக்கவாட்டில் விரிந்துவிடும் என்பதால் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் அந்த விரிதலே வேறொரு வம்பு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மேலே தூக்கும் காற்றும் கீழே அமுக்கும் காற்றும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதுதான் இன்னொரு சிக்கல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும் கணத்தில் இறக்கைகளின் மேல் விழும் சுமை எகிறும். சாதாரண வகைச் சிறு விமானங்கள் மேல்நோக்கி 3.8 ஜி, கீழ்நோக்கி 1.52 ஜி வரை (ஒரு ஜி என்பது சாதாரணப் புவியீர்ப்பின் அளவு) தாங்கும்படி சான்று பெற்றவை. அந்த அளவின் ஒன்றரை மடங்கு வரை உடையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. கடுமையான இடிமேகத்துக்கு அந்த விதியெல்லாம் தெரியாது.

மேலெழும் காற்றின் வலிமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1959 ஜூலை 26-ல் அமெரிக்க மரைன் படையைச் சேர்ந்த விமானி வில்லியம் ராங்கின் சுமார் 47,000 அடி உயரத்தில் போர் விமானத்திலிருந்து வெளியே குதிக்க நேர்ந்தது. கீழே இருந்தது இடிமேகம். பத்து நிமிடத்தில் தரைக்கு வந்திருக்க வேண்டியவரை மேகம் திரும்பத் திரும்ப மேலே தூக்கிப்போட, அவர் இறங்கிச் சேர 40 நிமிடம் ஆனது. அவர் பிழைத்துக்கொண்டார்.

மேகத்தின் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இடிமழை உருவாக மூன்று வேண்டும்: ஈரம், நிலையற்ற காற்று, அதைத் தூக்கிவிட ஏதாவது ஒன்று. சூடேறிய தரை தூக்கலாம், மலைச்சரிவு தூக்கலாம், குளிர்காற்று முகப்பும் தூக்கலாம். 1946-ல் ஃபுளோரிடாவிலும் 1947-ல் ஒஹையோவிலும் பி-61 வகைப் போர் விமானங்களை வெவ்வேறு உயரங்களில் வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் அனுப்பி ஆராய்ந்தார்கள். ஹொரேஸ் பையர்ஸும் ராஸ்கோ பிரஹாமும் 1949-ல் வெளியிட்ட அதன் அறிக்கைதான் நாம் இன்றும் படிக்கும் மூன்று பருவங்களை நிலைநாட்டியது: வளர்ச்சி, முதிர்ச்சி, தேய்வு.

வளரும் பருவத்தில் எல்லாம் மேல்நோக்கிய காற்று. மழை இன்னும் தரையைத் தொடாது. மழை தரையைத் தொட்டுவிட்டால் முதிர்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள். ஏறும் காற்றும் இறங்கும் காற்றும் சேர்ந்தே இருக்கும் மோசமான நேரம் இதுதான். தேய்வில் கீழ்நோக்கிய காற்றே மிச்சம். தனித்து எழும் சாதாரண மேகம் இந்த மூன்றையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளும். வரிசையாக வரும் சூறைமேகங்களும் சுழலும் பெருமேகங்களும் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும்.

புதியவர்கள் ஏமாறுவது தேய்வில். மழை குறைந்துவிட்டது, வெளிச்சம் வந்துவிட்டது, கிளம்பலாம் என்று தோன்றும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, இங்கே அந்தத் தூவானத்தோடு இறங்குகிற காற்றுதான் ஆளை அடிக்கும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள்.

முந்தின நாளும் கிளம்பும் வேளையும்

மெட்டார் (விமான நிலையத்தின் இப்போதைய வானிலை அறிக்கை), டாஃப் (விமான நிலையத்துக்கான முன்னறிவிப்பு), சிக்மெட் (வான்வழியில் உள்ள அபாய வானிலை பற்றிய எச்சரிக்கை) மூன்றையும் வழி நெடுகப் பாருங்கள். புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் மட்டும் பார்ப்பது போதாது. 'டிஎஸ்' என்றால் இடிமழை, 'விசிடிஎஸ்' என்றால் பக்கத்தில் இடிமழை, 'சிபி' என்றால் இடிமேகம், 'டிசியு' என்றால் கோபுரமாக வளர்ந்துகொண்டிருக்கும் மேகம். மெட்டாரில் 'டிசியு' வந்தாலே அடுத்த அறிக்கைக்காகக் காத்திருங்கள்.

டாஃபில் 'டெம்போ' என்று வரும் இடத்தைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். "வந்தாலும் வரலாம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாய்ப்பைக் குறிக்கும் சொல் 'ப்ராப்'. அதன் பின்னால் 30 அல்லது 40 என்று சதவீதம் இருக்கும். 'டெம்போ' என்பது விட்டுவிட்டு வரும் என்பதைக் குறிப்பது: ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக, மொத்தத்தில் அந்தக் காலக்கெடுவின் பாதிக்கும் குறைவாக. அதாவது 'டெம்போ டிஎஸ்' என்று எழுதியவர் இடிமழையை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். எந்த நேரத்தில் என்பதுதான் அவருக்கு நிச்சயமில்லை.

சிக்மெட்டில் 'எம்பிடி டிஎஸ்' என்றிருந்தால் இடிமேகங்கள் மற்ற மேக அடுக்குகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. கருவி வழிப் பறத்தலுக்கு (வெளியே பார்க்காமல் கருவிகளைப் பார்த்தே பறப்பதற்கு) உரிமம் இருந்தாலும், ரேடார் இல்லாத விமானத்தில் அந்த மேகங்களுக்குள் போகாதீர்கள். வெறுங்கண்ணால் பார்த்து விலகும் வாய்ப்பே அங்கே கிடையாது.

வெயிலால் எழும் இடிமழை பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். ஆகவே விடிகாலைப் பயணம் பெரும்பாலும் நல்ல தேர்வு. ஆனால் குளிர்காற்று முகப்போடு வரும் வரிசைமேகங்களுக்குக் காலை, இரவு என்ற வேறுபாடு இல்லை. காலையிலேயே நடுத்தர உயரத்தில் கோட்டைச் சுவரின் பற்கள் மாதிரி சின்னச் சின்னக் கோபுரங்கள் நிற்கக் கண்டால், பிற்பகலை நம்பாதீர்கள்.

எரிபொருள் விதி கேட்பதற்கு மேல் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருக்கட்டும். சுற்றிப் போகவும் திரும்பி வரவும் எரிபொருள் இல்லாதவர்தான் இடுக்கில் நுழைய ஆசைப்படுவார். வழியில் இறங்கக்கூடிய ஓடுபாதைகளைக் குறித்து வையுங்கள். முன்னால் இருப்பவற்றை மட்டுமல்ல, பின்னால் விட்டுவந்தவற்றையும்.

உடன் வருபவர்களிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: "இன்றைக்குப் போய்ச் சேராமலும் போகலாம், இரவு வேறெங்காவது தங்க வேண்டியிருக்கும்." தரையில் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வானத்தில், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது சொல்வதைவிட இது எவ்வளவோ எளிது. என் அனுபவத்தில், நெருக்கடியில் எடுக்கும் தப்பான முடிவுகளுக்கு அறியாமையைவிட இந்தக் கூச்சமே பெரிய காரணம்.

தாளில் எழுதி முழங்கால் அட்டையில் செருகுங்கள்

கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல்மைல் விலகியிருக்க வேண்டும். அது ஏறத்தாழ 37 கிலோமீட்டர். இதிலிருந்தே அடுத்த எண் வந்துவிடுகிறது: இரண்டு இடிமேகங்களுக்கு நடுவே போக வேண்டுமானால் இடைவெளி 40 கடல்மைலாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அது வழி அல்ல, பொறி. இடைவெளிகள் மூடிக்கொள்ளும், புதிய மேகங்கள் எழுவதற்கு அவையே வாகான இடம்.

வழியின் பரப்பில் பத்தில் ஆறு பங்கு இடிமழை என்றால் ஒவ்வொன்றாக விலகிப் போகப் பார்க்காதீர்கள். பரப்பு முழுவதையும் சுற்றிப் போங்கள், இல்லையேல் போகாதீர்கள். உச்சி 35,000 அடியைத் தொடும் மேகம் எதுவும் மிகக் கடுமையானதென்றே கொள்ளுங்கள். மேலே ஏறித் தாண்டும் பேச்சுக்கே இடமில்லை: 172எஸ் ஏறக்கூடிய உயரமே சுமார் 14,000 அடிதான்.

அடியில் புகுந்து போவது பற்றி: மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறது என்பது ஒரு காரணமே அல்ல. இடிமேகத்தின் அடிப்பகுதி இறங்கும் காற்று தரையில் மோதும் இடம்.

வானில் இருக்கும்போது

மேகத்தின் விளிம்பைப் பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி கூர்மையாக, அழுத்தமாக இருந்தால் இன்னும் வளர்கிறது. மேல்பகுதி நார் நாராகக் கலைந்தால் அங்கே பனித்துகள் உருவாகிவிட்டது, மேகம் முதிர்ந்துவிட்டது. உச்சி பட்டறைக்கல்லைப் போல ஒரு பக்கம் நீண்டிருந்தால் மேல்காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. அந்த நீண்ட பகுதிக்குக் கீழே போகாதீர்கள். மேகம் வெளியே துப்பும் ஆலங்கட்டி அங்கேதான் விழும், அதுவும் மழையில்லாத காற்றில். சுற்றுவதானால் காற்று வரும் பக்கமாகச் சுற்றுங்கள். மின்னல் அடிக்கடி வெட்டுவது கடுமையின் அடையாளம். தரையருகே கருஞ்சுருளாக உருண்டு வரும் தாழ்ந்த மேகம் சூறைக்காற்றின் முகப்பு.

முடிவெடுக்கும் தூரத்தைக் கணக்குப் போடுங்கள். உங்கள் வேகம் 100 நாட் (மணிக்கு 100 கடல்மைல்), மேகம் எதிரே 25 நாட்டில் வருகிறது. 20 கடல்மைல் இடைவெளி பத்து நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே 20-ல் யோசிக்கத் தொடங்குபவர் ஏற்கெனவே தாமதம். 40 கடல்மைலிலேயே ஏடிசியிடம் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம்) விலகல் கேளுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை மைல், எதற்காக என்று மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும்.

ஏடிசி சொல்லும் என்று காத்திராதீர்கள். அவர்களுடைய முதல் வேலை விமானங்களை ஒன்றோடொன்று மோதாமல் பிரிப்பது. 1953-ல் ஒலியின் இருமடங்கு வேகத்தைத் தொட்ட முதல் மனிதரான ஸ்காட் கிராஸ்ஃபீல்ட், 2006 ஏப்ரல் 19-ல் தம்முடைய செஸ்னா 210-ல் பறந்துகொண்டிருந்தபோது ஜார்ஜியா மாநிலத்தில் கடும் இடிமழைப் பகுதிக்குள் போய் இறந்தார். வழியில் அவர் புதிய வானிலைத் தகவலைப் பெறவில்லை. கட்டுப்பாட்டாளரும் விலகிப்போக உதவவில்லை. விசாரணை இரண்டையும்தான் காரணமாகச் சொன்னது. அவ்வளவு அனுபவமுள்ளவர் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: "முன்னால் என்ன இருக்கிறது?"

திரையில் தெரிவது பழைய படம்

இப்போது டேப்லெட்டிலேயே ரேடார் படம் வருகிறது. திட்டமிடுவதற்கு அருமையான கருவி. இடுக்கில் நெளிந்து போவதற்கு அல்ல. பல ரேடார்களின் தரவைத் தைத்து ஒரே படமாக்கி அனுப்புவதற்கு நேரம் பிடிக்கிறது. திரையின் மூலையில் '2 நிமிடம்' என்று காட்டுவது அந்தப் படம் தைக்கப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பது. மழை அந்த இடத்தில் இருந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதல்ல. உண்மையான வயது திரை சொல்வதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாக இருக்கலாம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் எச்சரித்தது. 30 நாட்டில் நகரும் மேகம் 20 நிமிடத்தில் 10 கடல்மைல் போய்விடும். நீங்கள் வைத்திருந்த இடைவெளியில் பாதி அது.

விமானத்திலேயே ரேடார் இருந்தாலும் கதை முழுதும் தெரிந்துவிடாது. கனத்த மழை அலைகளை விழுங்கிவிடும்; அதற்குப் பின்னால் இருப்பது வெற்றிடமாகத் தெரியும். 1977 ஏப்ரல் 4-ல் சதர்ன் ஏர்வேஸின் டிசி-9 விமானம் தன் ரேடாரை நம்பி இடிமழைப் பகுதியைக் கடக்கப் பார்த்தது. கனமழையும் ஆலங்கட்டியும் இரண்டு இன்ஜின்களையும் அணைத்துவிட்டன.

(பழைய விமானங்களில் வானொலி நிலையம் இருக்கும் திசையைக் காட்டும் ஏடிஎஃப் முள் இருந்தால் ஒரு வேடிக்கை: இடிமழை நாளில் அது வானொலி நிலையத்தை விட்டுவிட்டு மின்னல் பக்கம் திரும்பும். வழிகாட்டியாக அதை நம்ப முடியாது, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.)

சேருமிடத்தில் மழை வந்துவிட்டால்

பின்னால் சொல்கிறேன் என்ற வம்பு இதுதான். கீழே பாயும் குளிர்காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் விரிகிறது. விரியும் பரப்பு 4 கிலோமீட்டருக்குள் அடங்கினால் அதை மைக்ரோபர்ஸ்ட் என்கிறார்கள். ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம்.

அதன் ஊடாக இறங்கினால் நடப்பது இது. 65 நாட் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறீர்கள். முதலில் 25 நாட் எதிர்காற்று வந்து சேர்கிறது. வேகமுள் எகிறுகிறது, விமானம் மேலே மிதக்கிறது. அதிகமாகிவிட்டதே என்று த்ராட்டிலைக் குறைக்கிறீர்கள். நடுவில் காற்று கீழே அமுக்குகிறது. மறுபக்கம் அதே காற்று பின்னாலிருந்து 25 நாட்டில் வீசுகிறது. எதிரிலிருந்து பின்னுக்கு மொத்த மாற்றம் 50 நாட். வேகம் ஸ்டாலுக்கு (இறக்கைகள் விமானத்தைத் தாங்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்கு) கீழே போக, த்ராட்டில் குறைந்த நிலையில், தரை பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே இடிமழை நாளில் இறங்கும்போது வேகம் காரணமில்லாமல் கூடினால் மகிழாதீர்கள். அதை எச்சரிக்கையாக எடுத்து உடனே முழு விசை கொடுத்து மேலெழுங்கள்.

1975 ஜூன் 24-ல் நியூயார்க்கில் ஈஸ்டர்ன் 66 என்ற பயணிகள் விமானம் விழுந்ததை ஆராய்ந்துதான் வானிலை ஆய்வாளர் டெட் ஃபுஜிட்டா இந்த வகைக் காற்றை விளக்கினார். பத்தாண்டு கழித்து, 1985 ஆகஸ்ட் 2-ல், டல்லஸ்-ஃபோர்ட் வொர்த்தில் டெல்டா 191 என்ற பயணிகள் விமானமும் இதற்கே பலியானது. மூன்று ஜெட் இன்ஜின்கள் கொண்ட விமானம் அது.

மழை தரைக்கு வராமல் நடுவானில் ஆவியாகித் திரைபோலத் தொங்கினாலும் இது நேரலாம். தரையில் வட்டமாகப் புழுதி கிளம்பினால் அங்கே இறங்காதீர்கள். தள்ளி நின்று வட்டமிடுங்கள், அல்லது வேறு ஓடுபாதைக்குப் போங்கள். அரை மணியில் அது போய்விடும்.

எல்லாவற்றையும் மீறி உள்ளே மாட்டிக்கொண்டால்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கண்பார்வையில் பறப்பவர் தவறிச் சாதாரண மேகத்துக்குள் போனால் 180 பாகை திரும்பி வந்த வழியே வெளியேறச் சொல்லித்தருகிறார்கள். இடிமேகத்தின் நடுவில் அது பொருந்தாது. ஓரத்தைத் தொடுவதற்கு முன், நல்ல காற்றில் இருக்கும்போதே திரும்புங்கள். நன்றாக உள்ளே போன பிறகு திரும்பினால் சரிந்த இறக்கைகளின் மேல் சுமை கூடும், மோசமான இடத்திலேயே கூடுதல் நேரம் இருக்க நேரும். நேராகப் போவதே பெரும்பாலும் விரைவில் வெளியேறும் வழி.

பிறகு இந்த வரிசையில்:

1. வேகத்தைக் குறையுங்கள். கையேட்டில் உள்ள சூழ்ச்சி வேகத்துக்கு (ஒரு கட்டுப்பாட்டை முழுதும் அசைத்தாலும் விமானம் சேதமடையாத உச்ச வேகம், 'மேன்யுவரிங் ஸ்பீட்') மேல் போக வேண்டாம். அது எடையோடு மாறும்: 172எஸ்-க்கு 1,157 கிலோவில் 105 நாட், 862 கிலோவில் 90 நாட். எடை குறைந்தால் எண்ணும் குறைகிறது. பலர் தலைகீழாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

2. இறக்கைகளை மட்டமாகப் பிடியுங்கள், மூக்கையும் மட்டமாக. உயரமானி பைத்தியம் பிடித்தது போல ஓடும்; அதைத் துரத்தாதீர்கள். ஆயிரம் அடி ஏறினாலும் இறங்கினாலும், கீழே மலை இல்லாதவரை, விட்டுவிடுங்கள். ஆட்டோபைலட்டில் உயரம் பிடிக்கும் பகுதியை அணையுங்கள். அது உங்களைவிட மும்முரமாகத் துரத்தும்.

3. பிட்டோவின் (வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் குழாயின்) சூடேற்றியைப் போடுங்கள். கார்புரேட்டர் உள்ள இன்ஜினானால் அதன் சூடும். வெப்பம் உறைநிலையைத் தொடும் உயரத்துக்கு மேலே உள்ள மேகத்தில் குளிர்ந்தும் உறையாத நீர், இறக்கையில் பட்டதும் பனியாகும்.

4. காக்பிட் விளக்கைப் பகலானாலும் முழு வெளிச்சத்தில் வையுங்கள். மின்னல் கண்ணைப் பறித்தால் கருவிகள் தெரிய வேண்டும். அந்த உறைநிலை உயரத்துக்கு மேலும் கீழும் சில ஆயிரம் அடிக்குள்தான் மின்னல் தாக்கும் வாய்ப்பு அதிகம்.

5. இடுப்புப் பட்டையையும் தோள்பட்டையையும் இறுக்குங்கள். மடியிலுள்ள டேப்லெட்டை எங்காவது செருகுங்கள். குலுக்கலில் அது முகத்தில் அடிக்கும்.

6. இத்தனைக்கும் பிறகு ஏடிசி. 'மேடே' என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

கருவி வழிப் பறத்தல் தெரியாதவர் மேகத்துக்குள் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று 1954-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 20 மாணவ விமானிகள். கட்டுப்பாடு இழக்கச் சராசரியாக 178 விநாடி எடுத்தது. அந்தச் சோதனையில் இடியுமில்லை, குலுக்கலுமில்லை.

தரைக்கு வந்த பிறகு

விமானத்தைக் கட்டிப்போடும்போது சுக்கான்களைப் பூட்டுங்கள். மூக்கைச் சூறைக்காற்று வரும் திசைக்குத் திருப்பி வையுங்கள். இடி ஓயும்வரை எரிபொருள் நிரப்புவதை நிறுத்தி வைக்க வேண்டும். நீங்கள் எங்கே என்ன பார்த்தீர்கள் என்று ஏடிசிக்குச் சொல்லுங்கள். பின்னால் வருபவர் அதை வைத்தே திரும்புவார்.

ஆலங்கட்டியோ கடுங்குலுக்கலோ பட்டிருந்தால் இறக்கை முன்விளிம்பு, வால், இறக்கைத் தாங்கிகள் இணையும் இடங்கள் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பூச்சில் சுருக்கம் விழுந்த இடம், தளர்ந்த தலையைச் சுற்றிக் கறுப்புக் கறை படிந்த ரிவெட், இவை கண்ணில் பட்டால் அந்த விமானம் இனிப் பொறியாளர் சொல்லும்வரை பறக்காது. மின்னல் பட்டதாகச் சந்தேகம் இருந்தாலும் அப்படியே. ஓட்டை ஒரு பென்சில் முனையளவே இருக்கும், அதுவும் பெரும்பாலும் இறக்கை நுனியிலோ வாலிலோ. காந்தத் திசைகாட்டியையும் ஓடுபாதையின் திசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்னல் அதைத் திருப்பிவிட்டிருக்கலாம்.